ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாளா போடுறவங்க எலும்பை எப்படி கவனிக்கணும்? மெடிக்கல் கவுண்டர்ல கேக்குற கேள்விகளும் என் பதிலும்

கன்னியாகுமரி மாவட்டத்துல கருங்கல்ங்குற ஊர் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்ல பார்மசிஸ்டா இருபது வருஷத்துக்கு மேல நிக்கிறேன். டாக்டர் இல்ல, அத முதல்லயே சொல்லிடுறேன். ஆனா மாசாமாசம் அதே சீட்டோட வர்ற ஆளுங்க முகம் எனக்குத் தெரியும், யாரு எத்தன வருஷமா ப்ரெட்னிசோலோன் போடுறாங்கன்னு சிலநேரம் அவங்கள விட எனக்குத்தான் நல்லா ஞாபகம் இருக்கும். அவங்க கவுண்டர்ல நின்னு கேக்குறத, போன்ல கேக்குறத, வாட்ஸாப்புல ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்பி கேக்குறத எல்லாம் சேத்து எழுதி வச்சிருக்கேன். உங்க டாக்டர் சொன்னதுக்கு மாறா இதுல ஏதாவது இருந்தா டாக்டர் சொன்னதுதான்.

நான் போடுற மாத்திரை ஸ்டீராய்டா இல்லியான்னு எப்படி தெரியும்?

அட்டையத் திருப்பி சின்ன எழுத்துல உள்ள மருந்து பேரப் பாருங்க. ப்ரெட்னிசோலோன் (வைசோலோன், ஓம்னாகார்டில்னு வரும்), டெஃப்ளாசாகார்ட், மெத்தில்ப்ரெட்னிசோலோன் (மெட்ரால்னு வரும்), டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் (பெட்னிசால்னு வரும்). இதுல எது இருந்தாலும் இந்தப் பக்கம் உங்களுக்குத்தான். ஜிம்முல பையனுங்க போடுறாங்களே அந்த ஸ்டீராய்டு வேற, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

கணக்குக்கு ஒண்ணு வச்சுக்கிடுங்க. ப்ரெட்னிசோலோன் 5 மி.கி.ன்னா டெஃப்ளாசாகார்ட் 6 மி.கி., மெத்தில்ப்ரெட்னிசோலோன் 4 மி.கி., டெக்ஸாமெத்தசோன் முக்கால் மி.கி. எல்லாம் ஏறக்குறைய ஒரே பலம். "டெக்ஸா அரை மாத்திரதான் அண்ணா, பொடி மாத்திர"ன்னு சொல்லுவாங்க, பொடியா இருந்தா என்ன, காந்தாரி மிளகாயும் பொடிதான்.

இன்னொண்ணு, இதுதான் பெரிய தலவலி. மூட்டுவலிக்கு "செட் மாத்திர"ன்னு பேரில்லாத பொட்டலத்துல நாலஞ்சு மாத்திரய மடிச்சு வாங்கிட்டு வருவாங்க, போட்ட ரெண்டு மணி நேரத்துல வலி பறந்துரும், பசியும் நல்லா எடுக்கும், முகம் உப்பும், ஆறு மாசமா அதே பொட்டலம் ஓடிட்டே இருக்கும். லேபிள் இல்லாத பொடி, சூரணம்னு வர்ற சிலதுலயும் ஸ்டீராய்டக் கலந்து பிடிபட்டது உண்டு. முறையா படிச்ச சித்த மருத்துவர் குடுக்குறத நான் சொல்லல, பேரும் ஊரும் இல்லாத டப்பாவ சொல்றேன். வலி மாயமா போச்சுன்னா சந்தேகப்படுங்க. அதுக்காக திடீர்னு நிறுத்திடாதீங்க, அது ஏன்னு கீழ சொல்லிருக்கேன்.

எனக்கு முதுகுல ஒரு வலியும் இல்லியே, எலும்பு தேயுதுன்னு எப்படி சொல்றீங்க?

எலும்பு தேயுறப்ப வலிக்காது. உடைஞ்சாதான் வலிக்கும், முதுகெலும்பு சிலநேரம் உடைஞ்சாகூட வலிக்காது. முதுகெலும்பு நொறுங்குறது பெரும்பாலும் யாருக்கும் தெரியாம, வாயுப்பிடிப்புன்னு தைலம் தேச்சே போயிருது.

எங்க அம்மை கதய சொல்றேன். முடக்குவாதத்துக்கு தினம் 10 மி.கி. ப்ரெட்னிசோலோன், ரெண்டு வருஷத்துக்கு மேல, மாத்திரய எடுத்துக் குடுத்தது நான்தான். ஒருநாள் அடுக்களைல மேல் தட்டுல இருக்குற உப்பு ஜாடிய எடுக்க முக்காலி கேட்டாங்க. எப்பவும் கைய நீட்டி எடுக்குற ஜாடி. அப்புறம் யோசிச்சா, சேல கீழ இழுபடுதுன்னு ரெண்டு மாசமா கொசுவத்த ஏத்தி ஏத்தி சொருகிட்டு இருந்திருக்காங்க. அளந்து பாத்தா பழைய ஆஸ்பத்திரி சீட்டுல 153 செ.மீ., இப்ப 149. எக்ஸ்ரேல பன்னெண்டாவது நெஞ்சு முள்ளெலும்பும் அதுக்கு கீழ உள்ள முதல் இடுப்பு முள்ளெலும்பும் முன்பக்கமா சப்பி ஆப்பு மாதிரி இருந்துச்சு. எப்ப உடைஞ்சதுன்னே தெரியல. மண்டைக்காடு கொடைக்குப் போன பஸ்சு ஒரு குழில விழுந்தப்ப "முதுகுல சுருக்குன்னுச்சு"ன்னாங்க, அதுவா இருக்கலாம். ரெண்டு வருஷத்துல எலும்ப பாக்கணும்னு எழுதினவங்களும் இல்ல, கேட்டவங்களும் இல்ல, மருந்து படிச்ச நானும் கேக்கல. அந்தக் கோவத்துலதான் இதெல்லாம் எழுதுறேன்.

நம்ம எலும்புல தினமும் பழசை அரிக்கிற செல் ஒண்ணும், புதுசா கட்டுற செல் ஒண்ணும் வேல செஞ்சிட்டே இருக்கும். ஸ்டீராய்டு கட்டுறவன சோர்ந்து உக்கார வச்சிடும், அரிக்கிறவன் ஆயுச நீட்டிடும். கூடவே குடல்ல கால்சியம் ஏறுறது கொறையும், ஒண்ணுக்குல கால்சியம் வெளிய போறது கூடும். தொடை, தோள் சதயும் பலம் போகும், அப்ப விழுகுறதும் கூடும். முதல்ல அடி வாங்குறது முதுகெலும்பு, விலா மாதிரி உள்ள தேன்கூடு மாதிரி இருக்குற எலும்புங்க.

இதுல முக்கியமானது நேரம். மொத மூணு மாசத்துலேருந்து ஆறு மாசத்துக்குள்ளதான் தேய்மானம் ரொம்ப வேகம், அதுக்கப்புறம் மெதுவாகும், நிக்காது. ஸ்கேன்ல கொறஞ்சு தெரியுறதுக்கு முன்னாடியே உடையுற ஆபத்து ஏறிடும். "ஒரு வருஷம் போகட்டும் பாப்போம்"னு இருந்தா பெரிய நஷ்டம் நடந்து முடிஞ்சிருக்கும்.

எத்தன மி.கி., எத்தன நாளுன்னா கவலப்படணும்?

ப்ரெட்னிசோலோன் கணக்குல தினம் 2.5 மி.கி. அல்லது அதுக்கு மேல, மூணு மாசத்துக்கு மேலன்னா எலும்பப் பத்தி டாக்டர்ட்ட பேசியே ஆகணும். அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் சங்கத்தோட 2022 வழிகாட்டுதல் இந்த அளவத்தான் வச்சிருக்கு. தினம் 30 மி.கி. அல்லது மேல ஒரு மாசத்துக்கு மேல போச்சுன்னாலோ, ஒரு வருஷத்துல மொத்தம் 5 கிராம் ஆச்சுன்னாலோ அது ரொம்ப அதிக ஆபத்து உள்ள கூட்டம்.

5 கிராம்னா பெருசா தோணும். கூட்டிப் பாருங்க, தினம் 10 மி.கி.ன்னா வருஷத்துக்கு 3.65 கிராம். தினம் 15 மி.கி.ன்னா 5.4 தாண்டிரும். பெம்ஃபிகஸ் (தோல்ல கொப்புளம் வர்ற நோய்), லூபஸ் (எதிர்ப்பு சக்தியே சொந்த உடம்பத் தாக்குற நோய்), சிறுநீரக வீக்கம்னு 40, 60ல ஆரம்பிச்சு கொறச்சிட்டு வர்றவங்களுக்கு மொத நாலஞ்சு மாசத்துலயே முக்கால்வாசி ஆகிடும். ஒரு பழைய டைரில மாசாமாசம் எத்தன மி.கி. எத்தன நாளுன்னு எழுதி வைங்க. டாக்டர் மாறுனாலும், திருவனந்தபுரம் போனாலும், ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் போனாலும் அந்த ஒரு பக்கம் பேசும்.

எனக்கு வீசிங்தான், பஃப்புதான் எடுக்கிறேன். எனக்கும் வருமா?

பஃப்புல உள்ள ஸ்டீராய்டு மைக்ரோகிராம் கணக்கு, பெரும்பாலும் நெஞ்சுக்குள்ளதான் வேல செய்யும். சாதாரண டோஸுக்கு பயந்து பஃப்ப நிறுத்திடாதீங்க, நிறுத்துனா வீசிங் கூடி கடைசில மாத்திரதான் போட வேண்டி வரும், அது இதவிட மோசம். ரொம்ப அதிக டோஸ் பல வருஷமா இழுக்குறவங்க மட்டும் டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க.

நான் கவுண்டர்ல பாக்குற பிரச்சன வேற. ஆடி மழைல ஒருதரம், ஐப்பசி மழைல ஒருதரம், ரப்பர் ஷீட் புகைல ஒருதரம்னு 40 மி.கி. அஞ்சு நாள் கோர்ஸ் வாங்குவாங்க. ஒரு கோர்ஸ் 200 மி.கி., வருஷத்துல ஆறு தடவன்னா 1.2 கிராம். "அஞ்சு நாள்தானே"ன்னு யாரும் கூட்டிப் பாக்குறதில்ல. வருஷத்துல மூணு நாலு கோர்ஸ் ஆகுதுன்னா வீசிங்கே கட்டுக்குள்ள இல்லன்னு அர்த்தம், நெஞ்சு டாக்டர பாருங்க.

டெக்ஸா ஸ்கேன் எப்ப எடுக்கணும்? டாக்டர் எழுதலன்னா கேக்கலாமா?

தாராளமா கேக்கலாம். டெக்ஸா ஸ்கேன்னா எலும்பு அடர்த்திய அளக்குற ஸ்கேன், மேல சொன்ன டெக்ஸா மாத்திரைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. "டாக்டர், மூணு மாசத்துக்கு மேல ஸ்டீராய்டு ஓடும்னா எலும்பு ஸ்கேன் ஒண்ணு பாத்துரலாமா"ன்னு கேட்டா யாரும் கோவிக்க மாட்டாங்க. ஆரம்பிச்ச உடனே, முடியலன்னா எப்படியும் ஆறு மாசத்துக்குள்ள. தொடர்ந்து போடுறவங்களுக்கு அப்புறம் ஒரு வருஷத்துலேருந்து ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம்.

40 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு ஃப்ராக்ஸ்னு ஒரு கணக்கும் போடுவாங்க. வயசு, எடை, முன்னாடி உடைஞ்சதா, அப்பா அம்மைக்கு இடுப்பு உடைஞ்சதா, பீடி சிகரெட் உண்டா, குடி உண்டான்னு கேட்டு, அடுத்த பத்து வருஷத்துல உடையுற வாய்ப்ப சதவீதமா சொல்லும், இந்தியாவுக்குன்னு தனியாவும் இருக்கு. அதுல ஒரு ஓட்ட, ஸ்டீராய்டு உண்டா இல்லியான்னு மட்டும்தான் கேக்கும், எத்தன மி.கி.ன்னு கேக்காது. தினம் 7.5க்கு மேலன்னா வந்த நம்பர கொஞ்சம் கூட்டணும், பெரிய எலும்பு முறிவுக்கு 1.15 மடங்கு, இடுப்புக்கு 1.2 மடங்கு. குடியும் பீடியும் எவ்வளவுன்னு டாக்டர்ட்ட உண்மைய சொல்லுங்க, பக்கத்துல வீட்டுக்காரி நிக்கான்னு "எப்பவாவது"ன்னு சொன்னா கணக்கு தப்பும்.

ஸ்கேனோட முதுகுக்கு பக்கவாட்டுல ஒரு எக்ஸ்ரேவும் கேளுங்க. எங்க அம்மைக்கு கண்டுபிடிச்சது அதுலதான்.

சர்ச்சுல நடந்த கேம்புல குதிகால்ல ஒரு மிஷின் வச்சு ஃப்ரீயா பாத்தாங்களே, அது போதாதா?

போதாது. அது அல்ட்ராசவுண்டு, குதிகால் எலும்பு மட்டும் பாக்கும். அதுல வர்ற நம்பரையும் டெக்ஸா நம்பரையும் பக்கத்துல வச்சு ஒப்பிடவே கூடாது. ஸ்டீராய்டு போடுறவங்களுக்கு பாக்க வேண்டியது இடுப்பு முள்ளெலும்பும் தொடை எலும்பு கழுத்தும். ஸ்கேன் சென்டருக்கு போன் போட்டு "முதுகும் இடுப்பும் பாக்குற டெக்ஸா மிஷினா"ன்னு கேட்டுட்டு பஸ் ஏறுங்க, இல்லன்னா மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்கும் அலச்சல்தான்.

ஒரு தடவ எந்த மிஷின்ல எடுத்தீங்களோ அடுத்த தடவையும் அங்கயே எடுங்க. மிஷின் மாறுனா நம்பர் மாறும், அது எலும்பு மாறுனதா மிஷின் மாறுனதான்னு யாராலயும் சொல்ல முடியாது. அன்னைக்கு காலைல கால்சியம் மாத்திர போடாதீங்க. கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு சிடி ஸ்கேன் எடுத்திருந்தா ரெண்டு வாரம் கழிச்சு போங்க. சேலைல ஊக்கு, பாவாட கொக்கி, அரைஞாண் கயித்துல உள்ள தாயத்து எல்லாம் கழட்டிருங்க, இடுப்புக்கு நேர கெடந்தா அதுவும் எலும்போட சேந்து கணக்காயிரும்.

ஸ்கேன்ல கதிர்வீச்சு இருக்காமே? நாங்க மணவாளக்குறிச்சிக்காரங்க, ஏற்கனவே மண்ணுல இருக்கு.

இந்தக் கேள்வி கடக்கரைலேருந்து நிறைய வரும், நியாயமான பயம்தான், மோனசைட் மண்ணுல தோரியம் இருக்கு, அந்த மண்ணப் பிரிக்கிற ஐஆர்இஎல் ஆலை அங்கதான் இருக்கு, இயற்கையாவே நம்ம கரைல அளவு கூடுதல். ஆனா டெக்ஸா ரொம்ப ரொம்ப கொஞ்சம். உலகத்துல ஒரு சாதாரண ஊர்ல ஒரு மனுசன் மேல ஒருநாள்ல இயற்கையா படுற அளவு எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவுதான் ஒரு டெக்ஸா. வயித்துக்கு சிடி எடுக்குறதோட ஒப்பிடவே முடியாது. பத்து பதினஞ்சு நிமிசம் மல்லாந்து படுத்தா முடிஞ்சுது. கர்ப்பமா இருக்கலாம்னு சந்தேகம் இருந்தா மட்டும் முன்னாடியே சொல்லிருங்க.

ரிப்போர்ட்ல டி ஸ்கோர் மைனஸ் 1.8ன்னு இருக்கு. "ஆஸ்டியோபீனியாதான், பயம் இல்ல"ன்னாங்க. சரியா?

பாதி சரி. டி ஸ்கோர்ங்கறது நல்ல வாலிப வயசு எலும்போட உங்க எலும்ப ஒப்பிடுறது. மைனஸ் 1 வரைக்கும் நார்மல், மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் நடுவுல ஆஸ்டியோபீனியா, மைனஸ் 2.5ம் அதுக்குக் கீழயும் ஆஸ்டியோபோரோசிஸ். உலக சுகாதார நிறுவனம் 1994ல வகுத்தது, மாதவிலக்கு நின்ன பெண்கள மனசுல வச்சு வகுத்தது.

ஸ்டீராய்டு போடுறவங்களுக்கு எலும்போட அளவு மட்டும் இல்ல, தரமும் கெட்டுருது. அதனால அதே மைனஸ் 1.8ல ஸ்டீராய்டு இல்லாத ஆளுக்கு உடையாத எலும்பு உங்களுக்கு உடையலாம். "பீனியாதான்"ன்னு ஃபைல மூடி வைக்கிற விஷயம் இல்ல, டோஸ் என்ன, வயசு என்ன, முன்னாடி உடைஞ்சிருக்கான்னு சேத்துத்தான் முடிவு எடுக்கணும். 40க்கு கீழ உள்ளவங்களுக்கு டி ஸ்கோர விட இசட் ஸ்கோரப் பாப்பாங்க, அது உங்க வயசுக்காரங்களோட ஒப்பிடுறது.

ரெண்டு தந்திரம் சொல்லித் தர்றேன். ஒண்ணு, நாலு முள்ளெலும்புக்கும் தனித்தனியா நம்பர் இருக்கும், மூணு மைனஸ் 2ல இருக்க ஒண்ணு மட்டும் மைனஸ் 0.5ன்னு நல்லா இருந்தா சந்தோசப்படாதீங்க, அது நொறுங்கி சப்பிப்போன எலும்பா இருக்கலாம். சப்புனா அடர்த்தி கூடுன மாதிரி காட்டும். வயசானவங்களுக்கு முதுகு தேய்மானத்துல முள்ளு வளந்திருந்தாலும் இப்படி பொய் சொல்லும், அப்ப தொடை எலும்பு கழுத்து நம்பர நம்புங்க. ரெண்டு, போன தடவைக்கு இந்த தடவ ரெண்டு சதவீதம் கொறஞ்சதுன்னு பதறாதீங்க, அந்த அளவு வித்தியாசம் மிஷின்லயே வரும்.

வீட்டுல நாமளே ஏதாவது பாத்துக்கிட முடியுமா?

உயரம். காசு செலவில்லாத பரிசோதன, இதுக்கு மேல ஒண்ணும் இல்ல. காலைல எந்திச்சதும், செருப்பில்லாம, குதிகாலும் முதுகும் கதவு நிலைல ஒட்டி நிக்கணும், தலைல பிள்ளைங்க பாடப்புஸ்தகம் ஒண்ண படுக்கையா வச்சு அதுக்கடில பென்சில் கோடு, பக்கத்துல தேதி. மூணு மாசத்துக்கு ஒருதரம். கொண்டைய அவுத்துட்டு நிக்கச் சொல்லுங்க, எங்க வீட்டுல மொத கோடு கொண்டையோட போட்டது. முன்ன அளந்ததுக்கும் இப்பத்துக்கும் 2 செ.மீ. கொறஞ்சா, இல்ல வாலிப வயசு உயரத்துலேருந்து 4 செ.மீ. போயிருந்தா முதுகு எக்ஸ்ரே எடுத்துருங்க.

இன்னொண்ணு, கைய நெஞ்சுல கட்டிக்கிட்டு நாற்காலிலேருந்து எந்திரிக்க முடியுதான்னு பாருங்க. கைய ஊனாம முடியலன்னா தொடை சத போயிட்டு இருக்கு, ஸ்டீராய்டு அதையும் செய்யும். விழுகுறதுக்கு முன்னாடி டாக்டர்ட்ட சொல்லுங்க.

ரத்த டெஸ்ட் எது எது?

கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், கிரியாட்டினின், வைட்டமின் டி. தேவப்பட்டா பாராதைராய்டு, தைராய்டு. ரத்தத்துல கால்சியம் நார்மல்னு வந்தா எலும்பு நார்மல்னு அர்த்தம் இல்ல, இத எத்தன பேருக்கு சொல்லிருப்பேன்னு தெரியாது, ரத்தத்துல கொறஞ்சா உடம்பு எலும்ப உருக்கி நிரப்பிக்கிடும்.

இவ்வளவு வெயில் அடிக்குது, நமக்கு எப்படி வைட்டமின் டி கொறையும்?

கொளச்சல்லயும் முட்டத்துலயும் வல விரிக்கிற ஆம்பளைங்களுக்கு சரி. அண்டி ஆபீஸ்ல (முந்திரிக்கொட்ட ஃபேக்டரில) காலைல உள்ள போயி சாயங்காலம் வெளிய வர்ற பொண்ணுங்களுக்கு? பீடி சுத்துறவங்களுக்கு? ரப்பர் தோட்டத்து நிழல்லயே பால் எடுக்கிறவங்களுக்கு? வெயில் ஊருல இருக்கு, மேல படணும்லா.

லூபஸ் உள்ளவங்க வெயில்ல நிக்கவே கூடாது, நோய் கூடும். அவங்களுக்கு மாத்திரதான் வழி. வழக்கமா தினம் 600லேருந்து 800 யூனிட் போதும். ரொம்ப கொறஞ்சிருந்தா 60,000 யூனிட் பொடியோ கேப்சூலோ வாரம் ஒண்ணு, எட்டு வாரம்னு எழுதுவாங்க. வாரம் ஒண்ணு! ஒருத்தங்க எட்டு பாக்கெட்டயும் தினம் ஒண்ணா பால்ல கலக்கி குடிச்சு முடிச்சிட்டு ஒம்பதாம் நாள் "இன்னும் எட்டு தாங்க"ன்னு வந்து நின்னாங்க. அது கால்சியத்த எக்கச்சக்கமா ஏத்தி வாந்தியும் கிட்னிக் கோளாறும் கொண்டு வரும். அன்னைலேருந்து நான் கவர் மேல ஞாயிறு, ஞாயிறுன்னு எழுதியே குடுக்கேன்.

என்ன சாப்பிடணும்? ஆட்டுக்கால் சூப்பு, பிரண்டை எல்லாம் எலும்புக்கு நல்லதாமே?

ஆட்டுக்கால் சூப்பு ருசிக்கு குடிங்க. எலும்ப எத்தன மணி நேரம் வேக வச்சாலும் தண்ணில இறங்குற கால்சியம் ரொம்ப கொஞ்சம். பிரண்டை துவையல் நானும் சாப்புடுறேன், ஸ்டீராய்டு அரிக்கிற எலும்புக்கு அது மருந்துன்னு நம்பி மத்தத விட்டுடாதீங்க.

நாளைக்கு மொத்தம் 1000லேருந்து 1200 மி.கி. கால்சியம் வேணும், சாப்பாட்டுலேருந்து வர்றதும் சேத்து. ஒரு டம்ளர் பால்ல 240 கிட்ட வரும். கேழ்வரகு 100 கிராம்ல 340க்கு மேல. முள்ளோட சாப்புடுற நெத்திலி, முள்ளு குழையுற மாதிரி சட்டில வச்ச பொடி சாளை, முருங்கக்கீர, மோரு, தயிரு. மரச்சீனிக்கெழங்குல கால்சியம்னு பெருசா ஒண்ணும் இல்ல, கூட வர்ற மீன்லதான் இருக்கு, அதனால கெழங்கக் கொறச்சு மீனக் கூட்டுங்க. கருவாட்டுலயும் கால்சியம் உண்டு, ஆனா உப்பு ஒண்ணுக்குல கால்சியத்த இழுத்துட்டு போகும், ஸ்டீராய்டுல பிரஷர் வேற ஏறும், அதனால அது எப்பவாவது. சுகரும் இருந்தா ஏத்தம்பழத்தயும் கேழ்வரகயும் அளவோட, கிட்னி கோளாறு உள்ளவங்க பால், கீர எல்லாத்துக்குமே டாக்டர்ட்ட கேட்டுட்டு.

கால்சியம் மாத்திரய எப்ப போடணும்?

கால்சியம் கார்பனேட்னா சாப்பாட்டோட. 1250 மி.கி.ன்னு பெருசா போட்டிருந்தாலும் அதுல உள்ள கால்சியம் 500தான், ஒரு நேரத்துக்கு அதுக்கு மேல குடல் எடுக்காது, ரெண்டு வேணும்னா காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. தைராய்டு மாத்திரைக்கும் இதுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி, இரும்பு மாத்திரையோட சேத்து போடாதீங்க. கிட்னில கல்லு வந்தவங்கன்னா முன்னாடியே சொல்லுங்க.

கால்சியமும் வைட்டமின் டியும் மட்டும் போதாதா? வாரம் ஒரு மாத்திர, வருஷம் ஒரு ஊசின்னு எழுதுறாங்க.

ஆபத்து கொறவா இருந்தா போதும். நடுத்தரம், அதிகம்னா போதாது. கால்சியம் செங்கல்லு மாதிரி, கொத்தனார் உக்காந்துட்டா செங்கல்லு குமிஞ்சு கெடந்து என்ன பிரயோஜனம்.

அலென்ட்ரோனேட் 70 மி.கி. வாரம் ஒண்ணு. வெறும் வயித்துல, ஒரு டம்ளர் நிறைய பச்சத்தண்ணில, சாயா கூடாது, காப்பி கூடாது, முழுங்கிட்டு அரை மணி நேரம் படுக்கவே கூடாது, தொண்டக் குழாய்ல ஒட்டுனா புண்ணாக்கிரும். எங்க ஏரியால நான் சொல்லிக்குடுக்குற வழி, ஞாயித்துக்கிழம எந்திச்சதும் மாத்திரயப் போட்டுட்டு பூசைக்கு நடந்து போங்க, தண்ணியும் மருந்தும் நற்கருணைக்கு தடை இல்ல, பூச முடிஞ்சு வந்து சாயா குடிக்கலாம். கோயிலுக்குப் போறவங்க வெள்ளிக்கிழமைய வச்சுக்கிடுங்க.

சோலெட்ரோனிக் ஆசிட் 5 மி.கி. வருஷம் ஒருதரம் டிரிப்புல ஏத்துறது. மொத தடவ போட்டதும் ரெண்டு மூணு நாள் காய்ச்சல், மேலுவலி வரும், பாராசிட்டமால் போட்டா அடங்கும். கிட்னி ரொம்ப மோசமா இருந்தா போட மாட்டாங்க, வைட்டமின் டி கொறஞ்சிருந்தா அத ஏத்திட்டுத்தான் போடுவாங்க. போட்டப்புறம் வாயச் சுத்தி மதமதப்பு, கை இழுப்பு வந்தா உடனே போங்க, கால்சியம் எறங்குனதா இருக்கலாம்.

டெனோசுமாப் 60 மி.கி. ஆறு மாசத்துக்கு ஒருதரம் தோலுக்கடில. இது நல்ல மருந்துதான், ஆனா ஆரம்பிச்சிட்டு "காசு இல்ல, இந்த தடவ விட்டுருவோம்"னு விட்டா எலும்பு திரும்ப வேகமா கரைஞ்சு முதுகெலும்பு ஒண்ணுக்கு மேல ஒண்ணு உடையலாம். தள்ளிப்போடாதீங்க, நிறுத்துறதா இருந்தா அதுக்கு பதில் வேற மருந்த டாக்டர் போடணும். காசு தொடர்ந்து ஒத்துவராதுன்னா ஆரம்பத்துலயே சொல்லிருங்க, வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

டெரிபாரடைட் தினம் போடுற ஊசி, 20 மைக்ரோகிராம், பேனா மாதிரி, அதிகபட்சம் ரெண்டு வருஷம். உக்காந்த கொத்தனார எழுப்புற மருந்து இதுதான், ஏற்கனவே உடைஞ்சவங்களுக்கு எழுதுவாங்க. எங்க அம்மைக்கு இதுதான் போட்டோம். ஃப்ரிட்ஜ்ல வைக்கணும், ஃப்ரீசர்ல வைக்கக்கூடாது. 2017ல ஓக்கி அடிச்சப்ப நாள்கணக்குல கரண்டு இல்லாம கெடந்தோம்லா, அந்த மாதிரி நேரத்துல மீன் ஐஸ்ல நேரா புதைச்சு வச்சிடாதீங்க, உறைஞ்சா வீண், துணில சுத்தி தெர்மோகோல் பெட்டில தள்ளி வைங்க.

பிள்ள பெறுற வயசுப் பொண்ணுங்க இந்த மருந்து எதையும் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி அத சொல்லுங்க, அலென்ட்ரோனேட் வகையெல்லாம் எலும்புக்குள்ள வருஷக்கணக்குல தங்கும்.

பல்லு புடுங்கணும்னு இருக்கு, இந்த எலும்பு மருந்துக்கும் பல்லுக்கும் என்ன?

ரொம்ப அபூர்வமா தாட எலும்பு ஆறாம போகும். ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி சொத்தைப்பல்ல எல்லாம் முடிச்சிருங்க, நடுவுல புடுங்க வேண்டி வந்தா ரெண்டு டாக்டர்ட்டயும் சொல்லுங்க. அதே மாதிரி நாலஞ்சு வருஷம் போட்டவங்களுக்கு தொடை நடுவுல இனம் தெரியாத வலி வந்தா எக்ஸ்ரே எடுங்க.

முதுகு பிடிச்சிருக்கு, ஆசான்ட்ட (வர்ம வைத்தியர்ட்ட) போயி தடவிட்டு வரலாமா?

நம்ம ஜில்லாவுல இத கேக்காம எப்படி. வர்மமும் கட்டும் இங்க தலமுற தலமுறையா உள்ளது, எனக்கும் சின்ன வயசுல கை பெரண்டப்ப கட்டுனது ஆசான்தான், அத கொற சொல்ல வரல. ஆனா ஸ்டீராய்டு போடுற ஆளு போனதும் மொத வார்த்த "நான் ஸ்டீராய்டு போடுறேன், எலும்பு பலம் கொறவு"ன்னு சொல்லணும். எண்ணெய் போட்டு மெதுவா தடவுறது வேற, முதுகுல முட்டிய வச்சு அமுக்குறது, கழுத்தத் திருப்பி சொடக்கு எடுக்குறது, பேரப்பிள்ளைய முதுகுல ஏறி மிதிக்கச் சொல்றது வேற. இந்த மூணும் வேண்டவே வேண்டாம். திடீர்னு வந்த முதுகுவலின்னா எக்ஸ்ரேதான் முதல்ல.

முதுகு இல்ல, அரை (தொடையிடுக்கு) பக்கம்தான் வலி, நடந்தா நொண்டுது.

தொடையும் வயிறும் சேர்ற இடத்துல வலி, காலத் திருப்புனா கூடுதுன்னா இத தள்ளிப்போடாதீங்க. ஸ்டீராய்டுல தொடை எலும்பு உருண்டைக்கு ரத்த ஓட்டம் நின்னு அது செத்துப்போறது உண்டு, அது எலும்பு தேய்மானம் இல்ல, வேற நோய். வயசுப் பிள்ளைங்களுக்கும் வரும். ஆரம்பத்துல எக்ஸ்ரே நார்மலா இருக்கும், எம்ஆர்ஐலதான் தெரியும். "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க"ன்னு ஆறு மாசம் நொண்டிட்டு வந்தவங்கள பாத்திருக்கேன்.

இவ்வளவு தொல்லன்னா ஸ்டீராய்ட நிறுத்திடவா?

வேண்டாம். சொந்தமா நிறுத்தவே நிறுத்தாதீங்க. மூணு வாரத்துக்கு மேல போட்டா உடம்பு சொந்தமா சுரக்குறத நிறுத்திருக்கும், சட்டுன்னு விட்டா பிரஷர் எறங்கி, வாந்தி, மயக்கம், உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைக்கணும், கொறைக்குறது டாக்டர்தான். செட் மாத்திர ஆளுங்களுக்கும் இதேதான், பொட்டலத்த கைல எடுத்துட்டு போயி காட்டுங்க. நீங்க கேக்க வேண்டியது, "இதக் கொறைக்க வேற மருந்து சேக்க முடியுமா"ன்னு. மூட்டுக்கும் தோலுக்கும் அப்படி மருந்துங்க இருக்கு. இன்னொரு விஷயம், முடக்குவாதம் மாதிரி நோய அடக்காம விட்டா அந்த வீக்கமே எலும்ப அரிக்கும்.

ஆம்பளைங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் வருமா?

வரும். ஆம்பளைங்களுக்கு ஆண் ஹார்மோன ஸ்டீராய்டு கொறைக்கும், அதுவும் எலும்புக்கு அடிதான். "இது பொம்பளைங்க வியாதி"ன்னு நெனச்சு ஸ்கேன் எடுக்க கூச்சப்படுறவங்க நிறைய. நெஃப்ரோட்டிக் (ஒண்ணுக்குல புரதம் போயி உடம்பு வீங்குற கிட்னி நோய்) உள்ள பிள்ளைங்களுக்கு ஒவ்வொரு விசிட்லயும் உயரத்த அளந்து கார்டுல குறிக்கச் சொல்லுங்க, வளர்த்தி நிக்குதான்னு தெரியும், பிள்ள முதுகு வலிக்குன்னு சொன்னா விளையாட்டுல அடிபட்டதுன்னு தள்ளிடாதீங்க. அவங்களுக்கு மருந்தெல்லாம் பிள்ளைங்க டாக்டர் பாத்துத்தான்.

வேலைக்கு போகலாமா? ரப்பர் வெட்டுதான் எங்களுக்கு.

நடக்குறது நல்லது, நடக்காம கெடந்தா எலும்பு இன்னும் போகும். தினம் அரை மணி நேரம் நடங்க. ஆனா குனிஞ்சு பால் வாளியத் தூக்குறது, கெணத்துலேருந்து தண்ணி கோருறது, குடத்த ஒரு இடுப்புல வச்சு ஒடிஞ்சு நடக்குறது, இதுலதான் முள்ளெலும்பு முன்பக்கம் நசுங்கும். முட்டிய மடக்கி உக்காந்து தூக்குங்க, வாளிய பாதியா ரெண்டு தரமா தூக்குங்க. விடியக்காலம் தலைல லைட்ட கட்டிட்டு சரிவுல எறங்குறவங்க வழுக்காத செருப்பு போடுங்க. நமக்கு ரெண்டு மழையும் உண்டு, முற்றத்துல பாசி பிடிக்கும், அலக்கு கல்லு பக்கமும் கொளத்துப் படிலயும் வழுக்கும், ப்ளீச்சிங் பவுடர் போட்டு தேச்சிருங்க. ராத்திரி பாத்ரூமுக்கு போற வழில ஒரு லைட்டு எரியட்டும். தூக்க மாத்திரையும் போடுறவங்கன்னா இது ரெண்டு மடங்கு முக்கியம்.

ஸ்டீராய்டு நிறுத்தியாச்சு. இனி ஸ்கேன் வேண்டாம்லா?

நிறுத்துனப்புறம் உடையுற ஆபத்து படிப்படியா கொறையும், எலும்பும் ஓரளவு திரும்ப ஏறும், நொறுங்குன முள்ளெலும்பு மட்டும் பழைய உயரத்துக்கு வராது. நிறுத்துன கையோட எலும்பு மருந்தயும் விட்டுடாதீங்க, ஒரு ஸ்கேன் பாத்து, ஆபத்து இன்னும் இருக்கான்னு டாக்டர் சொன்னப்புறம்தான், டெனோசுமாப் போட்டவங்க கண்டிப்பா கேட்டுட்டுத்தான். எங்க அம்மை இப்ப ஸ்டீராய்டு இல்லாம வேற மாத்திரைல இருக்காங்க, ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் அதே மிஷின்ல ஸ்கேன், கதவு நிலைல கடைசி ஏழு கோடும் ஒரே இடத்துல ஒண்ணு மேல ஒண்ணா கெடக்கு. உப்பு ஜாடிய கீழ் தட்டுல மாத்தி வச்சாச்சு.